குனிந்து பார்க்க வேண்டிய ஊர்

கேப்டன் வீட்டு வாசலில் நாங்கள் போய் இறங்கியபோது இரவு பதினொன்றரை மணி. சக்கரப் பெட்டிகள் மூன்றையும் உருட்டிக்கொண்டு நடைபாதையில் ஏறினோம். பிராக் நகரத்து நடைபாதை நம் ஊர் சிமெண்ட் தளம் மாதிரி கிடையாது. வெல்லக்கட்டி அளவில் வெட்டிய கற்களைக் கறுப்பும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கோலம் போலப் பதித்திருப்பார்கள். பெட்டிச் சக்கரம் அதன்மேல் ஓடும்போது தெருவே எழுந்து உட்கார்ந்துவிடும் போல ஒரு சத்தம். "பாத்து, பாத்து, கீழ பாத்து வாங்க" என்று கேப்டன் கிசுகிசுத்தான். தடுக்கி விழுந்துவிடுவோம் என்று சொல்கிறான் என நினைத்தேன். வாசற்படிக்கு ஒரு முழம் தள்ளி, தெருவிளக்கு வெளிச்சத்தில் மூன்று இடத்தில் பித்தளை மாதிரி ஏதோ மினுங்கியது. எனக்குத் தூக்கக் கலக்கம். அதன்மேலேயே பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் நாலு பேரும் திருச்சியில் ஒரே பள்ளியில் பத்தாவது வரை படித்தவர்கள். கேப்டனுக்குப் பள்ளிக் கபடி அணியில் வந்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. ஒன்பது வருடமாக பிராகில் கணினி வேலை பார்க்கிறான். டாக்டர் குழந்தை மருத்துவர். வாத்தியார் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறான். நான் மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம் என்று எழுத்தோடு இருப்பவள். நாலு பேரும் ஒரே கூரையின் கீழ் நாலு நாள் சேர்ந்தாற்போல் இருந்தது பள்ளிக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மே 5. டிராமில் ஏறிப் பழைய நகரத்துக்குப் போனோம். வழியெல்லாம் வீட்டுச் சுவர்களில் சின்னச் சின்னக் கற்பலகைகள், அவற்றின் அடியில் வாடாத பூவளையங்கள். என்ன விசேஷம் என்று கேட்டேன். 1945-இல் இதே மே 5 அன்றுதான் பிராக் மக்கள் நாஜிகளை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்களாம். நாலு நாள் தெருத்தெருவாகச் சண்டை. யார் எந்த மூலையில் விழுந்தாரோ அந்த மூலைச் சுவரில் அவர் பெயர். நினைவுச்சின்னம் என்றால் ஊருக்கு நடுவே ஒரு பெரிய தூண் என்றுதான் எனக்குப் பழக்கம். இங்கே இட்லி மாவு வாங்கப் போகிற தூரத்தில் ஒரு பெயர், பால் வாங்கப் போகிற தூரத்தில் இன்னொரு பெயர்.

பழைய நகரச் சதுக்கத்தில் முதலில் எல்லோரும் போவது அந்த வானியல் கடிகாரத்துக்குத்தான். 'ஓர்லோய்' என்கிறார்கள். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே ஐந்நூறு கைபேசிகள் மேலே தூக்கியபடி நிற்கின்றன. மணியானதும் ஒரு எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணியடிக்கிறது, இரண்டு சன்னல்கள் திறந்து பன்னிரண்டு சீடர்களும் வரிசையாக எட்டிப் பார்த்துப் போகிறார்கள், கடைசியில் ஒரு சேவல் கூவுகிறது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்துவிடுகிறது. என் யோசனை கேட்டால், கூட்டம் கலைந்த பிறகுதான் அங்கே நிற்க வேண்டும்.

காரணம், அந்த முகப்பு வட்டம். 1410-இல் கடான் ஊர் மிக்குலாஷ் என்ற கடிகாரத் தச்சர் செய்தது. கணக்குப் போட்டுக் கொடுத்தவர் யான் ஷிண்டெல் என்ற பேராசிரியராக இருக்கலாம் என்கிறார்கள். ஹனுஷ் என்ற ஒருவர் செய்தார், வேறு ஊருக்கு இன்னொன்று செய்துவிடக் கூடாது என்று அவர் கண்ணைப் பிடுங்கிவிட்டார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வது கதை. உள்ளே ஒரே அச்சில் மூன்று பெரிய பல்சக்கரங்கள். ராசி வட்டத்தைச் சுழற்றுவதற்கு 365 பல், சூரியனுக்கு 366, சந்திரனுக்கு 379. அந்த ஒரு பல் வித்தியாசத்தில்தான் சூரியன் ஒவ்வொரு நாளும் ராசி வட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கி, ஒரு வருடத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. அறுநூறு வருடத்துக்கு முன்னால் இரும்பை அராவி இந்தக் கணக்கை நிறுத்தியிருக்கிறார்கள்.

வாத்தியார் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. அவன் தாத்தா பஞ்சாங்கம் பார்த்தவர். "இங்க பாரு" என்று கையை நீட்டினான். வெளி வளையத்தில் இருப்பது பழைய செக் நேரம். அதில் சூரியன் மறைந்ததும் புது நாள் தொடங்குகிறது, அங்கிருந்து இருபத்துநாலு மணி எண்ணுகிறார்கள். நம்முடைய நாழிகை உதயத்திலிருந்து தொடங்குவதற்கு நேர் எதிர். உள்ளே வளைவு வளைவாகப் போகும் பொன்னிறக் கோடுகள் இன்னொரு நேரம் காட்டுகின்றன. அதில் உதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள பொழுது எவ்வளவு நீளமானாலும் பன்னிரண்டு பங்கு. கோடையில் ஒரு மணி நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். "ராகுகாலக் கணக்குதான் இது! பகலை எட்டாப் பிரிச்சா ராகுகாலம். இவங்க பன்னண்டாப் பிரிச்சிருக்காங்க" என்றான். அப்புறம் சூரிய முள்ளைப் பார்த்துவிட்டு, "ரிஷபத்துல நிக்குது. நமக்குச் சித்திரை, இன்னும் மேஷம்தான்" என்றான். கடிகாரம் தப்பில்லை, தாத்தாவும் தப்பில்லை. அவர்கள் வசந்த சம இரவு நாளை வைத்து ராசியை எண்ணத் தொடங்குகிறார்கள், நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து எண்ணுகிறது. இரண்டுக்கும் இடையில் இன்று ஏறத்தாழ 24 பாகை விலகிவிட்டது. அயனாம்சம் என்று கேட்டிருப்பீர்கள், அதுதான். இவ்வளவு தூரம் வந்து, ஒரு கிறிஸ்தவ ஊரின் மாநகரக் கட்டடத்துச் சுவரில், தாத்தாவின் கணக்கைக் கண்டுபிடித்து நின்ற அவன் முகத்தை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிகாரத்துக்கு நடுவில் இருப்பது பூமி. சூரியன் அதைச் சுற்றுகிறது. சதுக்கத்தின் எதிர்ப்புறம் இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் டீன் தேவாலயத்துக்குள்தான் டைகோ பிராஹே புதைக்கப்பட்டிருக்கிறார். தொலைநோக்கி வருவதற்கு முன்னால் வெறும் கண்ணால் வானத்தை அவரைவிட நுட்பமாக அளந்தவர் ஐரோப்பாவில் இல்லை. 1601-இல் இந்த ஊரில் இறந்தார். அவர் விட்டுப்போன அளவுகளை வைத்துத்தான் கெப்ளர், கோள்கள் நீள்வட்டத்தில் சூரியனைச் சுற்றுகின்றன என்று 1609-இல் எழுதினார். அதையும் பிராகில் இருந்தபோதுதான் செய்து முடித்தார். கடிகாரத்திலிருந்து பாலத்துக்குப் போகும் கார்லோவா தெருவில் அவர் குடியிருந்த வீட்டை நீங்கள் தாண்டித்தான் போவீர்கள். பூமியை நடுவில் வைத்த கடிகாரத்தின் மணியோசை கேட்கிற தூரத்தில் உட்கார்ந்து பூமியை நகர்த்தியிருக்கிறார் மனிதர்.

இனிமேல்தான் குனிய வேண்டும்.

கடிகாரம் இருக்கும் பழைய மாநகரக் கட்டடத்தின் கிழக்குப் பக்கம், நடைபாதைக் கற்களுக்கு நடுவே வெள்ளைக் கற்களால் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். மொத்தம் 27. கூட்டம் அதன்மேல் நடந்து போய்க்கொண்டே இருக்கும். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, எல்லோர் கண்ணும் மேலே இருக்கிறது. 1618-இல் பிராக் கோட்டைச் சன்னல் வழியாக அரசரின் ஆட்களைத் தூக்கி வெளியே எறிந்தார்களே, அதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். முப்பதாண்டுப் போர் அங்கே தொடங்குகிறது. 1620-இல் வெள்ளை மலைச் சண்டையில் கிளர்ச்சிக்காரர்கள் தோற்றார்கள். 1621 ஜூன் 21 அன்று இந்தச் சதுக்கத்தில் மேடை போட்டு 27 தலைவர்களைக் கொன்றார்கள். பிரபுக்கள் 3 பேர், வீரர் குலத்தவர் 7 பேர், ஊர்க்காரர்கள் 17 பேர்.

அவர்களில் ஒருவர் யான் யெசேனியஸ். டாக்டர் இந்தப் பெயரைக் கேட்டதும் நின்றுவிட்டாள். 1600-இல் பிராகில் பொதுமக்கள் பார்க்க மனித உடலை அறுத்து உறுப்புகளை விளக்கிக் காட்டிய மருத்துவர் அவர். பின்னால் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார். டைகோ பிராஹே இறந்தபோது டீன் தேவாலயத்தில் இரங்கல் உரை ஆற்றியவரும் அவரே. இருபது வருடம் கழித்து, அந்தத் தேவாலயத்தின் கண்ணெதிரே, முதலில் அவர் நாக்கை அறுத்தார்கள், பிறகு தலையை வெட்டினார்கள். "பேசினதுக்காக நாக்கா?" என்று மட்டும் டாக்டர் கேட்டாள். சிலுவைகளை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அந்தச் சதுக்கத்தைக் கடக்கும்போதெல்லாம் நாங்களும் அப்படியே சுற்றினோம்.

சதுக்கத்தில் ஒரு புல்தரையும் இருக்கிறது. மாநகரக் கட்டடத்தின் ஒரு பகுதி 1945 மே 8 அன்று, சண்டை முடியப் போகிற நேரத்தில் எரிந்துபோனது. இன்று வரை அங்கே எதுவும் கட்டவில்லை. அந்தத் தீயில் கடிகாரமும் கருகியது. மூன்று வருடம் போராடி மறுபடி ஓடவிட்டார்கள்.

சார்லஸ் பாலத்துக்கு விடியற்காலை போக வேண்டும் என்று கேப்டன் பிடிவாதம் பிடித்தான். நாலேகாலுக்கு எழுப்பிவிட்டான். வாத்தியார் மட்டும், "டேய், லீவுல வந்திருக்கோம்டா" என்று கம்பளிக்குள்ளிருந்து முனகினான். ஆனால் போனதுதான் சரி. பகலில் அந்தப் பாலத்தில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. அப்போது எங்களையும் ஒரு துப்புரவு வண்டியையும் திருமணக் கோலத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு சீன ஜோடியையும் தவிர யாருமில்லை. மே முதல் வாரத்தில் சூரியன் ஐந்தரை மணிக்கு எழுகிறது. 1357 ஜூலை 9 அன்று காலை 5.31-க்கு நான்காம் சார்லஸ் இந்தப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார் என்பது ஊர் வழக்கு. வருடம், நாள், மாதம், மணி, நிமிடம் என்று வரிசையாக எழுதினால் 1357 9 7 531. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. முகூர்த்தம் பார்ப்பதில் நம்மை மிஞ்சியிருக்கிறார்கள்.

516 மீட்டர் நீளம், 16 வளைவுகள். இதற்கு முன்னால் இதே இடத்தருகே யூடித் பாலம் என்று ஒரு கல்பாலம் இருந்தது. 1342 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. அந்தப் பழைய பாலத்தின் தாடிக்காரக் கல்முகம் ஒன்று கரைச் சுவரில் இன்னும் இருக்கிறது. வல்டாவா நதி ஏறி அவர் தாடியைத் தொட்டால் தாழ்வான இடத்து வீட்டுக்காரர்கள் மூட்டை கட்ட வேண்டும் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. காவிரிக் கரையில் வளர்ந்த எங்களுக்கு இது உடனே புரிந்தது. ஆற்றுக்குப் பக்கத்தில் வாழ்கிற எல்லோருக்கும் ஏதாவது ஒரு படி, ஒரு கல், ஒரு மரம் இருக்கும், தண்ணீர் அதைத் தொட்டால் நெஞ்சு திக்கென்று அடிக்கும். 2002 ஆகஸ்டில் வெள்ளம் சுரங்க ரயிலுக்குள்ளேயே புகுந்துவிட்டதாம்.

பாலத்தின் மேல் 30 சிலைகள். பெரும்பாலும் நகல்கள்தான், அசல்களை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இருப்பதில் மிகப் பழையது நெபோமுக் ஊர் யோவான், 1683. அரசரின் கட்டளைப்படி 1393-இல் இவரை ஆற்றில் தள்ளிக் கொன்றார்கள். பீடத்தில் உள்ள வெண்கலத் தகட்டை வருகிறவர்கள் எல்லோரும் தடவித் தடவி ஓரிரு இடம் மட்டும் பொன் போலப் பளபளக்கிறது. நம் கோவில் தூணில் எண்ணெய்க் கை பட்டுக் கறுத்துப் பளபளக்கும் இடம் நினைவுக்கு வந்தது. நாலு பேரும் தொட்டோம். என்ன வேண்டிக்கொண்டோம் என்பதைச் சொல்வதாக இல்லை.

திரும்பும்போது கேப்டன் பழைய நகரப் பக்கத்துக் கோபுரத்தைக் காட்டினான். சதுக்கத்தில் வெட்டிய 27 பேரில் 12 பேருடைய தலைகளை இங்கே கூடையில் தொங்கவிட்டார்கள். பத்து வருடம் அப்படியே இருந்தன. தினமும் பாலத்தைக் கடந்த பால்காரன், வண்ணான், பள்ளிப் பிள்ளை எல்லோரும் அதன் கீழேதான் போய்வந்திருப்பார்கள். அந்தக் கோபுரத்தை ஐரோப்பாவின் மிக அழகான வாயில் கோபுரம் என்று வழிகாட்டிப் புத்தகங்கள் எழுதுகின்றன. அழகுதான், மறுக்கவில்லை.

கோட்டையைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கிவிடுகிறேன். 22-ஆம் எண் டிராமில் ஏறி மேலே போய் இறங்குங்கள், நடந்து கீழே இறங்கி வாருங்கள். முட்டிக்கு நல்லது. விட்டஸ் தேவாலயத்தை 1344-இல் தொடங்கி 1929-இல் முடித்தார்கள். அதன் சன்னல்களில் ஒன்று அல்ஃபோன்ஸ் முகா வரைந்தது, வெயில் அதன் வழியாக வரும் நேரத்தில் உள்ளே இருங்கள். பொன் சந்தில் 22-ஆம் எண் கொண்ட நீலக் குட்டி வீட்டில் 1916-17-இல் காஃப்கா எழுதினார். தங்கை வாடகைக்கு எடுத்துக் கொடுத்த வீடு அது. அவருடைய மூன்று தங்கைகளையும் பின்னால் நாஜிகள் கொன்றார்கள். அவர் அதற்கு முன்பே, 1924-இல், காசநோயில் போய்விட்டார்.

சாப்பாடு. வாத்தியார் சைவம். பயந்துகொண்டே வந்தான், பட்டினி கிடக்கவில்லை. ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டி எல்லாக் கடையிலும் கிடைக்கும். உருளைக்கிழங்கைத் துருவிப் பூண்டு தட்டிப்போட்டு வார்க்கும் பிராம்போராக், நம் அடைக்குச் சித்தி மகள். க்னெட்லீக் என்று மாவை உருட்டி வேகவைத்து, கத்தி வைத்தால் அமுங்கும் என்பதால் நூலைச் சுற்றி இழுத்து அறுக்கிறார்கள். அதைப் பார்த்த டாக்டர், "எங்க அப்பாயி அவிச்ச முட்டைய இப்படித்தான்டா அறுக்கும்!" என்று சத்தமே போட்டுவிட்டாள். தெருவெல்லாம் விற்கும் டிர்டெல்னீக் என்ற உருளை இனிப்பை பிராகின் பழம் பலகாரம் என்று நம்பி வாங்காதீர்கள். சாப்பிட நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இந்த ஊர்ச் சரக்கு இல்லை என்று கேப்டனின் அலுவலகத்து செக் நண்பர்கள் வருத்தத்தோடு சொல்வார்களாம்.

மூன்றாம் நாள் யோசெஃபோவ், பழைய யூதர் பகுதி.

இதை எப்படி எழுதுவது என்று ஒரு வாரமாக யோசித்தேன். நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் பின்காஸ் ஜெபக்கூடம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே போனால் வெள்ளைச் சுவர். கொஞ்சம் நெருங்கினால் அது வெள்ளை இல்லை, முழுக்க எழுத்து. தரைக்குச் சற்று மேலிருந்து கூரை வரை, அறை அறையாகப் பெயர்கள். பொஹீமியா, மொராவியா பகுதிகளிலிருந்து நாஜிகள் கொண்டுபோய்க் கொன்ற யூதர்கள், ஏறத்தாழ 78,000 பேர். குடும்பப் பெயர் சிவப்பில், ஆள் பெயரும் தேதிகளும் கறுப்பில். பெயர்களுக்கு இடையில் இடம் விடவில்லை, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பது போல.

மெய்ப்புப் பார்க்கிறவள் நான். எந்த எழுத்தைக் கண்டாலும் பிழை தேடுகிற கண் எனக்கு. அந்தச் சுவரில் என் கண் வரி வரியாகப் போனது, நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு பெயரையும் யாரோ தூரிகையால் எழுதி, யாரோ சரிபார்த்திருக்கிறார்கள். 1950-களில் ஒரு முறை எழுதி முடித்தார்கள். 1968-க்குப் பிறகு கட்டடத்தை மூடிப் போட்டார்கள், சுவரில் ஈரம் ஏறிப் பெயர்கள் அழிந்தன. பிறகு 1992 முதல் 1996 வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து எழுதினார்கள். எழுபத்தெட்டாயிரம் பெயரை இரண்டாம் தடவை. வேலை என்றால் இது வேலை என்று தோன்றியது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

மாடியில் குழந்தைகள் வரைந்த படங்கள். பிராகுக்கு வடக்கே அறுபது கிலோமீட்டர் தள்ளி டெரெசீன். அந்தக் கோட்டை நகரத்தை யூதர்களை அடைக்கும் முகாமாக்கினார்கள். அங்கே ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர், கிடைத்த தாள்களை எல்லாம் சேர்த்துக் குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு நடத்தினார். 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸுக்கு ஏற்றுவதற்கு முன்னால், 4,500 அளவில் படங்களை இரண்டு பெட்டிகளில் ஒளித்து வைத்தார். அவர் திரும்பி வரவில்லை, பெட்டிகள் தப்பின. பூ ஜாடி, இரண்டு அடுக்குக் கட்டில், பட்டாம்பூச்சி, கதவு. ஒவ்வொன்றின் அடியிலும் பிறந்த தேதி, பலவற்றில் கொல்லப்பட்ட தேதி.

டாக்டர் ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். போனோம், வந்தோம், இன்னும் அங்கேயே நிற்கிறாள். பக்கத்தில் போனபோது மெல்லச் சொன்னாள்: "படம் போடச் சொல்லித்தான்டி நான் பிள்ளைங்க வயசைப் பாப்பேன். கோடு எப்படி வருது, கை எங்க இணைக்கிறாங்கன்னு. இந்தப் பிள்ளைக்கு ஆறு வயசுக்கு மேல இருக்காது." அடியில் தேதியைப் பார்த்தோம். ஆறுதான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் படி இறங்கும் வரை விடவில்லை.

வெளியே வந்தால் பழைய இடுகாடு. 1439-இலிருந்து 1787 வரை யூதர்களைப் புதைத்த இடம். வேறு இடம் கொடுக்கவில்லை, அதனால் பழைய கல்லறைமேல் மண்ணைக் கொட்டி அடுத்தவர்களைப் புதைத்தார்கள். சில இடங்களில் பன்னிரண்டு அடுக்கு. பெயர்கள் மண்ணுக்குள் போய்விடாமல் பழையவர்களின் கற்களை மேலே தூக்கி நட்டிருக்கிறார்கள். இப்படியே சேர்ந்து ஏறத்தாழ 12,000 கற்கள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி. பூ வைக்கும் வழக்கம் இல்லை, சின்னக் கூழாங்கல் வைக்கிறார்கள். வாத்தியார் சட்டைப்பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து ஓரமாக ஒரு கல்லறைமேல் வைத்தான். காலையில் ஆற்றங்கரையில் எடுத்தானாம், மகனுக்குக் கொண்டுபோக.

அன்று மாலை யாரும் அதிகம் பேசவில்லை. வென்செஸ்லாஸ் சதுக்கத்துக்கு நடந்தோம். சதுக்கம் என்று பெயரே தவிர, நீளமான அகலத் தெரு. மேல் முனையில் தேசிய அருங்காட்சியகம், அதன் முன்னால் நடைபாதை ஓரிடத்தில் மூச்சு விட்டது போல மேடாக எழும்புகிறது. அந்த மேட்டைப் பிளந்துகொண்டு ஒரு வெண்கலச் சிலுவை கிடக்கிறது. 1968 ஆகஸ்ட் 21 அன்று சோவியத் டாங்குகள் இந்தத் தெருவுக்குள் வந்தன. ஊர் மெல்ல மெல்ல வாயை மூடப் பழகிக்கொண்டிருந்தபோது, 1969 ஜனவரி 16 அன்று யான் பாலாக் என்ற மாணவன் இங்கே தன்மேல் தீ வைத்துக்கொண்டான். மூன்று நாள் கழித்து இறந்தான். வயது இருபது. அடுத்த மாதம் யான் சாயிட்ஸ் என்ற இன்னொரு பையன். அந்தச் சிலுவை இருவருக்கும்.

"என்ன படிச்சான்?" என்று வாத்தியார் கேட்டான். கேப்டன் கொஞ்சம் தயங்கி, "வரலாறு" என்றான். வாத்தியார் அப்படியே நடைபாதையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான். தீக்குளித்தவர்களின் பெயர்களைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் நாங்கள். அதை வீரம் என்று சொல்லிக்கொடுக்க அவனால் முடிந்ததே இல்லை. ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடம் வரும்போது, பிள்ளைகளிடம் உயிரோடு இருங்கள் என்று ஒரு வாக்கியத்தைப் புத்தகத்தில் இல்லாமல் சேர்த்துச் சொல்வேன் என்றான்.

எனக்கு அந்த இடத்தில் இன்னொருவர் நினைவு. கமில் சுவலபில். இந்த ஊரில் 1927-இல் பிறந்தவர், இங்கிருந்த கீழை ஆய்வு நிறுவனத்தில் இருந்து தமிழைப் படித்தவர், தமிழ் இலக்கியத்தைச் செக் வாசகர்களுக்கு மொழிபெயர்த்தவர். அந்த 1968 ஆகஸ்டுக்குப் பிறகு நாட்டை விட்டுப் போனார். 'முருகனின் புன்னகை' என்று தலைப்பிட்டுத் தமிழ் இலக்கியத்தைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய புத்தகம் 1973-இல் நெதர்லாந்தில் வெளியானது. 2009-இல் பிரான்சில் இறந்தார். தமிழ் நாட்டுக்கே வராத காலத்தில், இந்தக் குளிரில், ஏதோ ஒரு அறையில் உட்கார்ந்து நம் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்திருப்பார் என்று எண்ணினேன். டாங்கு வந்தால் ஒரு ஊர் எதை எதையெல்லாம் இழக்கிறது என்ற பட்டியலில் நம் மொழியின் பெயரும் இருக்கிறது.

அவர் பிறந்த தேதி நவம்பர் 17. 1989-இல் அதே தேதியில் மாணவர் ஊர்வலம் ஒன்று போலீஸ் தடியடியில் முடிய, அடுத்த சில நாட்களில் இந்தத் தெரு முழுக்க லட்சக்கணக்கில் மக்கள். கையில் ஆயுதம் கிடையாது. வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்கினார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி போனது. கேப்டன் தன் சாவியை எடுத்து ஒரு தடவை குலுக்கிக் காட்டினான். லட்சம் சாவி எப்படி ஒலித்திருக்கும் என்று நாலு பேரும் கேட்டுப் பார்த்தோம்.

சதுக்கத்தின் கீழ் முனைக்கு வந்தபோது அவன் இன்னொன்று சொன்னான். 2020-இல் இந்தப் பகுதியின் நடைபாதையைப் புதுப்பிக்கக் கற்களைப் பெயர்த்தார்கள். சில கற்களில் ஒரு பக்கம் மட்டும் மெருகேறி வழவழவென்று இருந்தது. திருப்பினால் ஹீப்ரு எழுத்து, தேதி. 1980-களில், அந்த ஆட்சியில், யூதர்களின் கல்லறைக் கற்களை அறுத்துத் துண்டாக்கி நடைபாதையில் பதித்திருக்கிறார்கள். எழுத்து இருந்த பக்கம் கண்ணுக்குத் தெரியாதபடி வைத்துவிட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக ஊரே அதன்மேல் நடந்தது. பெயர்த்த கற்களை யூத சமூகத்திடம் கொடுத்தார்கள். ஜிஷ்கோவ் பகுதியின் பழைய யூத இடுகாட்டில் அந்தத் துண்டுகளைக் கொண்டே ஒரு நினைவிடம் எழுப்பியிருக்கிறார்கள்.

காலையில் பார்த்த இடுகாட்டில், பழைய கற்களைப் புதைய விடாமல் மேலே தூக்கி நட்ட கைகளை நினைத்தேன். பிறகு வீடு வரை நான் கீழேயே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அதனால்தான் அன்றிரவு வாசலில் அவை கண்ணில் பட்டன. முதல் நாள் தெருவிளக்கில் மினுங்கிய அந்த மூன்று. ஒரு சாண் கூட இல்லாத, பத்து சென்டிமீட்டர் சதுரப் பித்தளைத் தகடுகள், நடைபாதைக் கற்களோடு கல்லாகப் பதித்தவை. ஒரே குடும்பப் பெயர் மூன்றிலும். ஒவ்வொன்றும் ஒரே சொற்களோடு தொடங்குகிறது. 'இங்கே வாழ்ந்தார்' என்று கேப்டன் படித்துச் சொன்னான். பிறந்த வருடம், டெரெசீனுக்கு அனுப்பிய வருடம், ஆஷ்விட்ஸ். மூன்றாவது தகட்டுக்குரியவருக்குப் பதினோரு வயது. குன்டர் டெம்னிக் என்ற ஜெர்மன் கலைஞர் 1990-களில் தொடங்கியது இது. இப்போது ஐரோப்பா முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல் இப்படிப் பதித்திருக்கிறார்கள். அவர்கள் விரும்பிக் குடியிருந்த கடைசி வீட்டு வாசலில்தான் பதிப்பார்களாம்.

"இவங்க எந்த வீடு?" என்று டாக்டர் கேட்டாள்.

"தெரியல. நான் இருக்கற வீடாக்கூட இருக்கலாம்" என்றான் கேப்டன். "குடிவந்த முதல் வருசம் நான் கவனிக்கவே இல்ல. மேல் வீட்டு அம்மா ஒருத்தங்க, எண்பது வயசு இருக்கும், முட்டி போட்டுத் தேய்ச்சிட்டு இருந்தாங்க. இப்ப அவங்களால குனிய முடியல. அதான் நான் தேய்க்கிறேன்." சமையலறையிலிருந்து ஒரு துணியும் எலுமிச்சம்பழ மூடியும் எடுத்து வந்தான். நம் வீட்டில் குத்துவிளக்கு தேய்க்கிற அதே பதம். அந்த இரவில் நாலு பேரும் மாறி மாறித் தேய்த்தோம். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்தார், தலையை லேசாகச் சாய்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை விமானம். ஐந்து மணிக்கு டாக்ஸி வந்து தெருமுனையில் நின்றது. கதவைத் திறந்ததும் வாத்தியார் சொல்லாமலே பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். டாக்டருடையதைக் கேப்டன் வாங்கிக்கொண்டான். நான் என் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, அந்த மூன்று கற்களையும் தாண்டி, பத்தடி தள்ளிப் போய்த்தான் கீழே வைத்தேன்.